இரண்டாவது கியர்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எங்கள் ஊர்க்காரர்கள் ரயில் ஏற வேண்டுமானால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்குப் போயாக வேண்டும். இந்தக் குறையை நம்பித்தான் என் அக்கா மகன் கடன்பட்டு ஒரு மின்சாரக் கார் வாங்கினான். விடியற்காலையில் சென்னை போகிறவர்களை அரியலூர் ஸ்டேஷனில் இறக்கிவிடுவான். இரவில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றி வருவான். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகளும் சுண்ணாம்புத் தூசியும். ஆனாலும் பெட்ரோல் செலவு இல்லாததால் மாதத் தவணை தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அக்கா ஊட்டியைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் அத்தான் கூட்டிப் போவதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார், பிறகு அவரே போய்விட்டார். கார் வந்ததும் அந்தப் பழைய பாக்கியையும் தீர்த்துவிடலாம் என்று மகன் நினைத்தான். ஒரு தை மாதத்தில் புறப்பட்டோம். துணைக்கு நான்.

கரூர், கோவை வரையில் ஒரு குறையும் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும்தான் சார்ஜ் மளமளவென்று இறங்கிற்று. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆளும் மூட்டையுமாக 1,800 கிலோ கனத்தை 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே 9 யூனிட் மின்சாரம் வேண்டும். "இறங்கறப்ப இதுல பாதிக்கு மேல திரும்பி வந்துடும், மாமா" என்றான். அவன் சொன்னது சரிதான். மின்சாரக் காரில் மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோவாக மாறிவிடுகிறது. சக்கரத்தின் வேகத்தை வாங்கி மின்சாரமாக்கிப் பாட்டரிக்குள் தள்ளுகிறது. அந்த இழுப்பில் வண்டி தானே மெதுவாகிறது. பிரேக்குக்கு வேலையே குறைவு.

ஊட்டியில் தங்கிய விடுதியில் இரவு முழுதும் சார்ஜ் போட அனுமதித்தார்கள். "நூறு வரைக்கும் ஏத்திடு மாப்பிள்ளை, அரைவயித்தோட மலை இறங்கக் கூடாது" என்று சொன்னவன் நான்தான்.

காலையில் புல்வெளியில் உப்பைத் தூவினாற்போல உறைபனி கிடந்தது. கார்க் கண்ணாடியெல்லாம் வெள்ளை. பாட்டரி நிறைந்துதான் இருந்தது. ஆனால் அதே நூறு சதவிகிதத்துக்குப் பெரம்பலூரில் காட்டும் தூரத்தைக் காட்டவில்லை. ஹீட்டரைப் போட்டதும் அதிலும் கொஞ்சம் குறைந்தது. பெட்ரோல் காரில் என்ஜின் வீணாக்கும் வெப்பமே ஆட்களைச் சூடாக்கப் போதும். மின்சார மோட்டார் அவ்வளவு ஊதாரி இல்லை. ஆகவே கதகதப்பையும் பாட்டரிதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

குன்னூருக்குக் கீழே சரிவு கடுமை. 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் காரில் இரண்டாவது கியர் ஏது? காலை எடுத்தால் பிடிக்கும் அந்த இழுப்புத்தான் அதற்கு இரண்டாவது கியர். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அவன் வழக்கம்போலக் காலை எடுத்தான். வண்டி பிடிக்கவில்லை. சரசரவென்று ஓடிற்று. பிரேக்கை அழுத்தினான். எதிரே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. பின்னாலிருந்து அக்கா "முருகா!" என்றாள். அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு, எல்லாவற்றிலும் பிரேக்தான். கருகல் வாசனை வந்ததும் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டான். அவன் கை நடுங்கியதை அக்கா பார்க்காதபடி நான் நடுவில் நின்றுகொண்டேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "உங்க அத்தான் கூட்டிட்டு வராம இருந்ததுக்கு இதான் காரணம் போல" என்றாள்.

காரோடு கொடுத்த புத்தகத்தை அங்கேதான் முதல்முதலாகப் புரட்டினோம். நிரம்பிய குடத்தில் மேலும் நீர் பிடிக்காது. நிரம்பிய பாட்டரியும் அப்படித்தான், இறக்கத்தில் வரும் மின்சாரத்தை ஏற்காது. குளிர்ந்த பாட்டரி காலியாக இருந்தாலும் தயங்கும். காலேஜில் இரண்டு வருஷம் படித்த ரசாயனத்தை வைத்துக்கொண்டு எனக்கு விளங்கியது இவ்வளவு: மார்கழியில் தேங்காயெண்ணெய் கெட்டிப்படுவது போல, குளிரில் பாட்டரிக்குள் இருக்கும் திரவம் தடித்து, லிதியம் அயனிகளின் நடை தளர்ந்துவிடுகிறது. உறைநிலைக்குக் கீழே வலுக்கட்டாயமாகச் சார்ஜ் ஏற்றினால் அவை கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய முடியாமல், டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கும் கூட்டம்போல, வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. அதனால் உறைநிலை நெருங்கும்போதே காரின் கட்டுப்பாட்டுக் கருவி வரும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. எங்களுக்கு நூறு சதவிகிதமும் குளிரும் ஒரே காலையில் வாய்த்தன. முதலாவது என் உபயம்.

குளிர்தேசத்தார் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன்பே, கார் மின்இணைப்பில் இருக்கும்போதே, வீட்டு மின்சாரத்தைக் கொண்டு பாட்டரியைச் சூடாக்கிவிடுகிறார்கள். சார்ஜ் நிலையத்துக்குப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், போகிற வழியிலேயே பாட்டரியைத் தயார்செய்துகொள்ளும் கார்களும் உண்டு. நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். அந்தப் பனியிலும் ஓடுகின்றன. அதே 2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிரின்போது சார்ஜ் நிலையங்களில் கார்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றன. முன்கூட்டிச் சூடாக்காமல் வந்தவர்கள் அதில் பலர் என்று சொன்னார்கள். எங்கள் காரில் அந்த வசதி இல்லை. எண்பதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்குப் போதுமாயிருக்கும்.

பிரேக் ஆறியதும் ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்கினோம். மின்சாரத்தை வீணாக்கினால்தான் உள்ளே இடம் உண்டாகும்! கல்லாறு நெருங்கும்போது காலை எடுத்ததும் வண்டி பழையபடி பிடித்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அவன் அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டான். நாம் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் மார்கழி விடியல், 20 டிகிரி, பாட்டரிக்குச் சுகமான பருவமாம். அதன் பகை நம் சித்திரைதான். குளிர் அன்றைய தூரத்தைத்தான் குறைக்கிறது. வெயில் பாட்டரியின் ஆயுளையே தின்கிறது. அதிலும் முழுக்க நிரப்பி வெயிலில் நிறுத்துவது மகா பாவம்.

போன கோடையில் ரயிலுக்காக அவனோடு அரியலூர் போனேன். ஸ்டேஷன் வாசலில் இடம் இருந்தது. அவன் அதைக் கடந்துபோய், தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வெயிலில் நடந்தேன்.