சாவி யார் இடுப்பில்?

லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நகைகளில் ‘ஷாட்லேன்’ என்றொரு வகை உண்டு. பெண்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கொக்கி அது. முகப்பில் பூவேலையோ உருவமோ செதுக்கிய தகடு இருக்கும். அதிலிருந்து நாலைந்து சங்கிலிகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொருள்: கத்தரிக்கோல், ஊசிக்கூடு, தைக்கும்போது விரலில் மாட்டும் உலோக உறை, பென்சில், முத்திரை, கடிகாரம், சாவி. சிலவற்றில் விசிறி போல விரியும் தந்த ஏடுகள்கூட உண்டு. வீட்டுக் குறிப்புகளை அதில் பென்சிலால் எழுதுவார்கள். துடைத்துவிட்டால் மறுபடி எழுதலாம்.

இதன் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. கத்தரிக்கோலையும் சாவியையும் ஊரறியத் தொங்கவிடுவானேன்? பைக்குப் பஞ்சம் இல்லை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் பாவாடைக்குள் நாடாவால் கட்டிய பெரிய துணிப்பைகளை வைத்திருந்தார்கள். நம் பாட்டிமாரின் சுருக்குப்பையைப் போல அல்ல, ஒரு கை முழுக்க உள்ளே போகும் அளவுக்குப் பெரியவை. அவ்வளவு இடம் இருந்தும் வெளியே மாட்டினார்கள் என்றால் வசதியைத் தாண்டி வேறு காரணம் இருக்க வேண்டும். அதைத் தேடித்தான் பழைய நூல்களுக்குள் போனேன்.

பெயர் அதிகம் உதவவில்லை. 1820களின் இறுதியில்தான் அது வழக்குக்கு வந்தது. வால்டர் ஸ்காட்டின் வரலாற்று நாவல்களில் திளைத்த தலைமுறை, கோட்டைத் தலைவியின் அணி என்று இதைக் கொண்டாடிப் பெயர் வைத்தது. ஆனால் அந்த அணி பெயரைவிடப் பழையது. 18ஆம் நூற்றாண்டில் செல்வர்கள் பொன்னில் செய்துகொண்டார்கள். மற்றவர்களுக்காக, லண்டன் கடிகாரக்காரர் கிறிஸ்டபர் பிஞ்ச்பெக் செம்பும் துத்தநாகமும் கலந்து உருவாக்கிய, பொன் போலவே மின்னும் உலோகம் இருந்தது. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் பட்டறை எஃகை வைரம் போலப் பட்டை தீட்டியது. வெட்ஜ்வுட்டின் நீலவெள்ளைப் பீங்கான் பதக்கங்களை அந்த எஃகுச் சட்டங்களில் பதித்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எஃகு ஒளிர்ந்த அந்தக் காலத்தில் தேயிலையைப் பூட்டுப் போட்ட பெட்டியில்தான் வைப்பார்கள். 1784இல் குறைக்கப்படும் வரை இங்கிலாந்தில் தேயிலை மீதான வரி நூறு சதவீதத்துக்கும் மேல்! அந்தப் பெட்டியின் சாவி வேலைக்காரர் கைக்குப் போகாது, வீட்டுத் தலைவியிடமோ அவள் நம்பிய மேற்பார்வையாளரிடமோதான் இருக்கும்.

சங்கிலியில் தொங்கியவற்றுள் சாவிதான் மூத்தது என்று இங்கேதான் எனக்குப் பட்டது. மற்றவற்றை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் பின்தொடர்ந்தேன்.

1404இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் இறந்தார். ஐரோப்பாவின் பெரும் செல்வர்களில் ஒருவர், ஆனால் கடனும் மலையளவு. அவர் மனைவி மார்கரெட், ஃபிளாண்டர்ஸ் நாட்டின் வாரிசு. அவர் செய்ததை மான்ஸ்த்ரலே என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். தன் இடுப்புக் கச்சையை, அதில் கோத்த பணப்பையோடும் சாவிகளோடும் கழற்றிக் கணவரின் சவப்பெட்டி மேல் வைத்தார். அப்படி வைத்ததற்கு முறைப்படி பத்திரமும் எழுதச் செய்தார். கணவரின் அசையும் சொத்தில் பங்கு வேண்டாம், அவர் கடனுக்கும் தான் பொறுப்பில்லை என்பதே அதன் பொருள். பிரெஞ்சுப் பகுதிகளில் விதவைகளுக்கு இருந்த வழக்கம் அது. இந்த இடத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை. வீட்டின் வரவும் செலவும் தன் கையில் இருந்ததற்கு அடையாளமாக ஒரு பெண் இடுப்பில் சுமந்ததையே, அந்தப் பொறுப்பிலிருந்து விடுபடுவதற்கும் அவள் கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

இன்னும் நானூறு ஆண்டு பின்னால் போனால் இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னரின் சட்டம். கணவன் திருட்டுப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மனைவி குற்றவாளியா? சரக்கறை, பெட்டி, பேழை இந்த மூன்றின் சாவியும் அவள் காவலில் இருக்க வேண்டியவை. இவற்றுக்குள் பொருள் அகப்பட்டால் அவளும் குற்றவாளி. வீட்டில் வேறெங்கே கிடந்தாலும் அவள் மேல் பழி இல்லை. கணவன் தன் வீட்டுக்குள் எதைக் கொண்டுவந்தாலும் தடுக்க மனைவிக்கு உரிமை கிடையாது என்று சட்டம் காரணமும் சொல்கிறது. சாவி எட்டும் தூரம்தான் அவள் பொறுப்பின் எல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சட்டத்தில் இவ்வளவு நுணுக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

கனூட்டுக்கும் முந்தைய 5, 6ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கு இங்கிலாந்தில் புதைக்கப்பட்ட பெண்களின் இடுப்பருகே, சாவி வடிவில் செய்த வெண்கலத் தொங்கல்கள் சோடியாகக் கிடைக்கின்றன. இவற்றால் எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. வீட்டுத் தலைமையின் சின்னமாக அணிந்தவை என்பது தொல்லியலாளர் பலரின் கருத்து. ஸ்காண்டிநேவியாவின் பழம்பாடல் ஒன்றில் இடிக்கடவுள் தோர் மணப்பெண் வேடம் போடுகிறார். அப்போது மறக்காமல் அவர் இடுப்பில் சாவிக்கொத்தைக் கட்டிவிடுகிறார்கள். ரோமில் இது இன்னும் கடுமை. மார்க் ஆண்டனி ஒரு நாடக நடிகையை விலக்கி வைத்ததைச் சிசரோ பழித்துப் பேசுகிறார்: பன்னிரு பலகைச் சட்டப்படி சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பினாராம். சாவியைப் பறித்தால் மணவிலக்கு என்று அங்கே பொருள்.

இத்தனையும் பார்த்தபின் விக்டோரியா காலத்துச் சங்கிலிகளை வேறு கண்ணோடுதான் பார்க்க முடிகிறது. 1840களில் அவை மறுபடி நாகரிகமாகி, தொங்கும் பொருள்கள் பெருகிக்கொண்டே போயின. 1849இல் ‘பஞ்ச்’ இதழ், ஒரு தாயின் இடுப்புச் சங்கிலிகளில் பிள்ளைகளையே கோத்து ஒரு கேலிச்சித்திரம் போட்டது. ஆனால் அந்தத் தாய்க்கு இங்கிலாந்தின் பொதுச் சட்டம் என்ன கொடுத்தது? மணமானதும் அவளுடைய அசையும் சொத்து கணவனுக்குப் போய்விடும். அவள் அணிந்த நகையைக்கூட அவன் உயிரோடிருக்கும்வரை விற்கலாம். மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் 1870இலும் 1882இலும் வந்த பிறகே இந்த நிலை மாறியது. சாவிகளைக் காக்கும் பொறுப்பு அவளுக்கு, சாவி திறக்கும் பெட்டிக்குள் இருந்தது அவனுக்கு. கனூட் காலத்து மனைவிக்குச் சாவியாவது ஒரு எல்லையை வகுத்துக் கொடுத்தது. அவளுடைய பேத்திகளுக்கு மிஞ்சியது மினுமினுப்பு மட்டும்தான் என்பது என் எண்ணம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவமனைச் செவிலியர் கத்தரிக்கோலும் வெப்பமானியும் மாட்டி இதை உழைப்புக் கருவியாக்கினார்கள். பிறகு கைப்பையும் கைக்கடிகாரமும் வந்தன, சங்கிலி மறைந்தது.

நம் ஊரில் இந்த வழக்கம் தனியாகவே வளர்ந்தது. இடுப்பில் செருகிய வெள்ளிச் சாவிக்கொத்தை மாமியார் மருமகளிடம் கொடுத்தால் குடும்பம் கைமாறியது என்று தமிழ் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்றும் மணப்பெண்ணுக்கென்று மயிலும் அன்னமும் வைத்த சாவிக்கொத்துகள் நகைக்கடைகளில் விற்கின்றன. பல வீடுகளில் பழையவை எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால், தட்டாரிடம் போடும் முன் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள்: அதை இடுப்பில் செருகியிருந்தது யார், எந்தப் பூட்டுகளை அது திறந்தது, அந்தப் பெட்டிக்குள் இருந்ததில் அவருக்குச் சொந்தமானது எது? சொல்வதை ஒரு தாளில் எழுதி அந்தக் கொத்தோடு சேர்த்து வையுங்கள்.