14 சென்டிமீட்டர்

ஹெல்மெட்டுக்காகத்தான் முடியை வெட்டினேன். கொண்டை போட்டால் அது தலையில் உட்காராது. “சைக்கிளுக்கு எதுக்குடி ஹெல்மெட், போலீஸா கேக்குது?” என்றார் அம்மா. சட்டம் கேட்கவில்லைதான். எங்கள் தெரு அக்கா ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து, நடைமேடைக் கல்லில் தலை மோதி, இரண்டு மாதம் பேச்சு குழறிக் கிடந்ததைப் பார்த்தபின் நானே போய் வாங்கினேன்.

திருநகரிலிருந்து பழங்காநத்தத்துக்கு தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். முன்பெல்லாம் பைக்கில் வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியில் உரசுகிற அளவுக்கு வந்து, ஏதாவது சொல்லிவிட்டுப் பறப்பார்கள். துப்பட்டாவை இழுத்தவனும் உண்டு. முடியை வெட்டி, சட்டை பேண்ட் போட்டு, ஹெல்மெட்டும் மாட்டியபின் அது அநேகமாக நின்றுபோனது. பின்னாலிருந்து பார்த்தால் பெண் என்று தெரியாது. அந்த நிம்மதி சொல்லி மாளாது. ஆனால் பஸ்ஸும் லாரியும் முன்னைவிட ஒட்டிப் போவதுபோல் இருந்தது. பிரமை என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் இயன் வாக்கரைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர். சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு சாலிஸ்பரி, பிரிஸ்டல் சாலைகளில் ஓட்டி, தன்னைக் கடந்துபோன 2,300-க்கும் மேற்பட்ட வண்டிகளை அளந்திருக்கிறார். கட்டுரை 2007-இல் வெளியானது. ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கிக் கடந்தன. நீளமுடி விக் மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து பெண்போலத் தெரிந்தபோது 14 சென்டிமீட்டர் கூடுதலாக விலகின. ஆய்வின் நடுவே ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தன. இரண்டு தடவையும் ஹெல்மெட்டோடுதான் இருந்தார்.

2013-இல் வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை மறுபடி கணக்கிட்டு, ஒரு மீட்டருக்குள் நெருங்குவதற்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள். வாக்கர் ஏற்கவில்லை. அந்த வழக்கு அவர்களோடு இருக்கட்டும். எனக்கு அந்த விக்தான் மனதில் நின்றது.

ஹெல்மெட் போட்டவர் தேர்ந்தவர், தடுமாறமாட்டார் என்று ஓட்டுநர்கள் நினைத்திருக்கலாம் என்பது வாக்கரின் ஊகம். பெண் என்றால் எப்படி ஓட்டுவாளோ என்ற பயம். அப்படியானால் அந்த 14 சென்டிமீட்டர் மரியாதை இல்லை. “பொம்பள ஓட்டுறா, தள்ளியே போ” என்று நம் ஊரில் சொல்வதுதான். அங்கே அந்த எண்ணம் விலகிப் போகவைக்கிறது. இங்கே சிலரை உரசவும் கூட்டி வருகிறது. ஒரு சாண்கூட இல்லாத இடம்தான். ஆனால் மணல் லாரி பக்கத்தில் போகும்போது அதன் மதிப்பு எனக்குத் தெரியும். ஹெல்மெட்டுக்குள் இருப்பது தெர்மோகோல் மாதிரி ஒன்று. விழுந்தால் தலையைக் காக்கும், லாரியைத் தடுக்காது.

ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அந்த அக்காவின் குழறல் இன்னும் காதில் இருக்கிறது.

போன வாரம் பைக்காரா நிறுத்தத்தருகே பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. “தம்பி, ஓரம் போடா!” திரும்பிப் பார்த்தேன். ஓட்டுநர் முகம் மாறியது. “அட, பொம்பளப் புள்ளயா! பாத்துப் போம்மா.” நன்றாகவே விலகிக் கடந்து போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.