படத்துக்குக் கீழே

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியவை எல்லாம் பூக்கடைக் காலண்டர்கள். கீரமங்கலத்தில் பூ கொடுக்கிற வீடுகளில் அப்படித்தான். மார்கழியில் கமிஷன் கடைக்காரர் சுருட்டிக் கொடுப்பார். மேலே தாமரையில் கஜலட்சுமி. அதன் கீழ் தடித்த எழுத்தில் கடைப்பெயர், கடைசியில் 'அண்ட் சன்ஸ்'. அதற்கும் கீழே மாதத் தாள்கள். 'அண்ட் டாட்டர்ஸ்' என்று முடியும் கடைப்பெயரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு முல்லை பறிக்கப் போகிறவர்களோ பெரும்பாலும் மகள்களும் மருமகள்களும்தான்.

இந்தப் படங்களுக்கு ஒரு வம்சம் உண்டு. 1894இல் ரவி வர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வீட்டுச் சுவருக்கும் அச்சில் சாமி வந்தது. தெற்கே அந்த வழியில் பெயர் பெற்றவர் கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகத் திரை எழுதிப் பழகிய கை. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போயின. அந்த லட்சுமிகள் நம்மை நேராகப் பார்ப்பார்கள். உள்ளங்கையிலிருந்து காசு கொட்டும். அந்தக் கையில் ஒரு காய்ப்பு இருக்காது. சிவன் குடும்பப் படத்தில் பார்வதியோடு இரண்டு பிள்ளைகள். அங்கேயும் அண்ட் சன்ஸ்தான்.

அம்மா படத்தை வெள்ளிக்கிழமைதான் பார்ப்பாள். தினமும் பார்த்தது கீழே இருந்த கட்டங்களை. 'மு 3, ச 1½' என்றால் முல்லை மூன்று கிலோ, சம்பங்கி ஒன்றரை. பால் கணக்கு, சிலிண்டர் வந்த நாள், மகளிர் குழுத் தவணை எல்லாம் அதில்தான். சிவப்பு வட்டம் அம்மாவின் தீட்டு நாள். நான் பெரியவளானதும் பச்சை வட்டம் ஒன்று சேர்ந்தது. என் வட்டம் பத்து நாள் தள்ளிப்போன ஒரு மாதத்தில் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

வருஷம் முடிந்தால் படத்தை வெட்டிச் சட்டம் போடுவோம். சாமி படம் காலில் படக் கூடாதே. தாள்கள் அடுப்புக்குப் போகும். காலண்டர் ஓவியங்களைச் சேகரிப்பவர்களும் தேடுவது படத்தைத்தான். கிறுக்கிய தாளை யார் தேடுவார்கள்?

ஒரு வருஷம் முன்பணக் கணக்கில் கடைக்கும் எங்களுக்கும் ஒத்துவரவில்லை. அம்மா தாள்களைக் கிழித்து எடுத்துப்போனாள்.

"காலண்டர்ல கிறுக்குனதெல்லாம் ஒரு கணக்கா தங்கச்சி?"

"ஒங்க காலண்டர்தாண்ணே."

பாதி குறைத்தார்கள். மீதியை நாங்கள் கட்டினோம். அதன்பிறகு அம்மா தாள்களை அடுப்பில் போடவில்லை. டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

இப்போது அவை என்னிடம் இருக்கின்றன. 2018 நவம்பர் தாளில் 15ஆம் தேதி வரை எண்கள். 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் அடித்தது. அந்தக் கட்டத்தில் 'தென்னை 22' என்று மட்டும் இருக்கிறது, விழுந்த மரங்களின் எண்ணிக்கை. அப்புறம் மாதக் கடைசி வரை மு இல்லை, ச இல்லை, பாலும் இல்லை. 23ஐச் சுற்றி என் பச்சை வட்டம் மட்டும்.