விலுசாவின் அடைமொழி

திங்கள்

பண்டைய அனத்தோலியாவின் லூவிய மொழிப் பாடல் ஒன்றின் முதலடி. அதில் பொருள் உறுதிப்படாத ஒரு சொல்: 'அலதி'. இந்த வாரம் அதனோடுதான்.

அடி கிடைத்த இடம் ஹத்துசா, ஹிட்டைட் பேரரசின் தலைநகர். இன்றைய துருக்கியில், பொகாஸ்கலே அருகே இருக்கிறது. 1906இல் தொடங்கிய அகழாய்வுகளில் அங்கே ஏறத்தாழ 30,000 களிமண் பலகைத் துண்டுகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில் இஸ்தானுவா என்ற ஊரின் வழிபாட்டுச் சடங்கு எழுதப்பட்டிருக்கிறது. சடங்குக் குறிப்புகள் ஹிட்டைட்டில். பாடல் லூவியத்தில், அதுவும் தொடக்கம் மட்டும். மீதி பாடகர்களுக்கு மனப்பாடம் என்று எழுத்தர் விட்டுவிட்டார் போலும்.

செவ்வாய்

இலக்கணம் தாராளமாக உதவுகிறது. வினை, 'வந்தார்கள்'. விலுசா என்ற ஊர்ப்பெயரில் 'அதி' என்ற விகுதி. நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள். ஆக, விலுசாவிலிருந்து வந்தார்கள். 'அலதி'யிலும் அதே விகுதி. லூவியத்தில் பெயரடையும் தன் பெயரின் வேற்றுமையை ஏற்கும். எனவே இது விலுசாவின் அடைமொழியாக இருக்கலாம். நடுவே வினை புகுந்து இரண்டையும் பிரிக்கிறது; செய்யுளுக்கு இது புதிதல்ல. அடுத்தடுத்த சொற்கள் அகரத்தில் தொடங்குவதை, மோனை பழகிய காது உடனே பிடித்துக்கொள்கிறது.

எப்படிப்பட்ட விலுசா? இலக்கணம் அதைச் சொல்லாது.

புதன்

தெரியாத லூவியச் சொல்லுக்குப் பொருள் காண மிக நல்ல துணை இருமொழிக் கல்வெட்டு. 1946இல் கரதெப்பேயில் வெளிப்பட்ட ஃபினீசிய–லூவியக் கல்வெட்டு அப்படித்தான் பல சொற்களைத் திறந்துவிட்டது. 'அலதி'க்கு அங்கே விடையில்லை. அடுத்த வழி, அதே சொல் வரும் வேறு இடங்களை ஒப்பிடுவது. இன்னொரு இஸ்தானுவாப் பாடலடியில் சொல் வருகிறது. ஒருவன் எங்கிருந்தோ வருகிறான். எங்கிருந்து என்று பார்க்கப்போனால் பலகை உடைந்திருக்கிறது.

வியாழன்

1984இல் பிரின் மார் கல்லூரியில் நடந்த ட்ராய் கருத்தரங்கில் மொழியியலாளர் கால்வர்ட் வாட்கின்ஸ் முன்வைத்த விளக்கத்தை மீண்டும் படித்தேன். விலுசா என்பதை ஹோமரின் இலியோஸோடு, அதாவது ட்ராயோடு, பலர் அடையாளம் காண்கிறார்கள். கிரேக்கப் பெயர் முன்பு 'விலியோஸ்' என்றே ஒலித்தது. இலியோஸுக்கு ஹோமர் தரும் அடைமொழிகளில் ஒன்று 'செங்குத்தான'. ஆகவே 'அலதி'யும் 'செங்குத்தான' என்பதே என்றார் வாட்கின்ஸ். அதோடு நிற்கவில்லை: ட்ராயைப் பற்றி லூவியத்திலும் ஒரு காவியம் இருந்திருக்கலாம், இது அதன் தொடக்கமாகலாம் என்றார்.

அழகான விளக்கம். படித்த யாருக்கும் அது உண்மையாக இருக்கவேண்டும் என்ற ஆசை வரும்.

வெள்ளி

ஆசையை ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறேன். ஹத்துசா வீழ்ந்தது கி.மு. 1200ஐ ஒட்டி. ஹோமரின் காவியங்கள் பொதுவாகக் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வைக்கப்படுகின்றன. இடையில் நானூறு ஆண்டுகளுக்கும் மேல், மொழியும் வேறு. 'அலதி'யைப் பெயர்ச்சொல்லாகக் கொண்டு 'கடலிலிருந்து' என்று படித்தவர்களும் உண்டு. விகுதி அதற்கும் இடம் தருகிறது.

பெரிய சிக்கல் வாதத்தின் போக்கில் இருக்கிறது. சொல்லுக்குப் பொருள் ஹோமரிடமிருந்து வந்தது. பிறகு அதே சொல், ஹோமரின் அடைமொழி அனத்தோலியாவிலும் வழங்கியதற்குச் சான்றாகிறது. கடன் கொடுத்தவனையே ஜாமீனுக்கு நிறுத்துவது போன்ற கணக்கு இது.

என் முடிவு: 'செங்குத்தான' என்பது வைத்துக்கொள்ளத் தக்க ஊகம்; பக்கத்தில் வினாக்குறி கட்டாயம். விலுசாவிலிருந்து யாரோ வந்ததாக இஸ்தானுவாவில் பாடினார்கள் என்பது உறுதி. அதை ட்ராய்க் காவியமாக்க இந்த ஒரு சொல் போதாது.