மார்பில் கம்பித் தையல்

உங்கள் வீட்டில் யாருக்காவது 'பைபாஸ்' என்று டாக்டர் சொன்னால், குடி முழுகிவிட்டதாகப் பதறாதீர்கள். 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்தபோது, நாட்டுக்கே அது புதுமை. இன்று திருச்சியிலேயே நடக்கிறது. காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாயை இருதயத்தில் தைத்து, அடைப்பைத் தாண்டிப் பாதை போடுகிறார்கள். காவேரிக் கரைக்காரர்களுக்கு வாய்க்கால் வெட்டுவது தெரியாதா?

ஸ்ரீரங்கத்தில் என் தகப்பனாருக்கு ஆபரேஷனைவிட இருமல்தான் பயம். பிளந்த மார்பெலும்பைக் கம்பியால் அல்லவா கட்டியிருக்கிறது! தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினார். எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம். கனம் தூக்கக் கூடாது. சேவைக் கூட்டத்தில் நெருக்குப்படவும் கூடாது. இரண்டாவதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

நாலாம் வாரம் உத்திர வீதியில் வெள்ளைக் கோபுரம் வரை நடந்துவிட்டு வந்தார். "அம்மாவிடம் சொல்லாதே, வழியில் ஒரு காபி" என்றார். நான் சொல்லவில்லை.