எண்ணூரிலிருந்து ஒரு பல்வலிப் பயணம்

கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்திற்கு அருகே, பொழுது புலரும் வேளையில் நாம் பேருந்து ஏறினோம். நம்முடன் வந்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. வலக்கன்னம் வீங்கியிருந்தது, தாடையைத் துண்டால் கட்டியிருந்தார். மூன்று வாரங்களாக மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியே வேலைக்குச் சென்று வந்திருக்கிறார். அவருடைய மனைவி, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை ஒரு பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

"இந்த அட்டை இருக்கே, பயமில்லைன்னு நினைச்சோம் ஐயா. கிளினிக்குல காட்டினா, பல்லுக்கு இது செல்லாதுன்னுட்டாங்க" என்றார் அந்த அம்மாள். வேர்ச்சிகிச்சைக்கும் மேலே போடும் உறைக்கும் அங்கே கேட்ட தொகை, அவர்களுடைய இரண்டு மாத வீட்டு வாடகையை விஞ்சியது.

கிளினிக்கார் சொன்னதில் பிழையில்லை. அந்தத் திட்டம் ஏழைக் குடும்பங்களைப் பெருஞ்செலவிலிருந்து காக்க ஏற்பட்டது. வாய்ப்புற்றுநோய், தாடை எலும்பு முறிவு போன்றவற்றின் அறுவைச் சிகிச்சைக்கு அது கைகொடுக்கும்; சொத்தைப் பல்லை அடைப்பதற்கு அன்று. பணம் கட்டி எடுக்கும் தனியார் காப்பீடுகளிலும், விபத்தினால் நேர்ந்தாலொழியப் பல் சிகிச்சையைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவர்கள், தங்கள் மருந்தகத்தில் பல் மருத்துவம் உண்டா என்று முதலில் கேட்டறிவது நலம். நம் நண்பரின் பெயரோ அத்திட்டத்தில் இல்லை.

பேருந்து தெற்கு நோக்கி விரைந்தது. லாரிகள் செய்யும் தொழிற்சாலை, தீப்பெட்டி ஆலையின் பெயரை இன்னும் சுமந்து நிற்கும் விம்கோ நகர், பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூர், மீன் வாடை வீசும் காசிமேடு என ஒவ்வொன்றாகக் கடந்தோம். உழைப்பாளிகளின் ஊர்கள் இவை. இரவு வேலையில் தூக்கத்தை விரட்டப் புகையிலை மெல்லும் பழக்கமும், பசியை அடக்க அடிக்கடி சர்க்கரைத் தேநீர் அருந்தும் பழக்கமும் இங்கே மிகுதி. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லின் மேற்பூச்சை அரிக்கின்றன. அப்போதே அடைத்துவிட்டால் வேலையும் குறைவு, செலவும் குறைவு. நரம்புவரை அரித்த பின்னரோ இரண்டும் பன்மடங்காகி விடுகின்றன.

இராயபுரம் வந்தது. பேதுருவின் பழந்தமிழ்ப் பெயராகிய இராயப்பரின் பெயரால் விளங்கும் ஊர். படகோட்டிகளான குருகுல வம்சத்தார் எழுப்பிய அவரது ஆலயத்தின் திசை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டோம். இங்கிருந்து சிறிது தொலைவில் ஸ்டான்லி மருத்துவமனை. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தமையால், முதியோர் இன்றும் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். அங்கும் பல் மருத்துவப் பிரிவு உண்டு. ஆயினும் பல்லைக் காப்பாற்ற வழியுண்டா என்று அறிய விரும்பி, அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கே சென்றோம்.

1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய இக்கல்லூரி, பிராட்வேக்கும் சென்ட்ரலுக்கும் இடையே, முத்துசாமி சாலையில் உள்ளது. சீட்டு எழுதி வாங்கி வரிசையில் அமர்ந்தோம். மாணவ மருத்துவர் ஒருவர் முதலில் பார்த்தார். பின்னர் அவருடைய ஆசிரியர் வந்து பார்த்தார். ஊடுகதிர்ப் படமும் எடுத்தனர். ஒரு பல்லை எடுத்தே ஆகவேண்டுமென்றும், பக்கத்துப் பல்லை அடைத்துக் காக்கலாம் என்றும் கூறினர். கன்னத்தின் உட்புறம் ஒரு வெண்திட்டு இருப்பதைக் கண்டு, புகையிலையை அன்றே விடும்படி சொல்லி, அதற்கெனத் தனியே பரிசோதனைக்கு நாள் குறித்தனர். வலியில்லாத அத்திட்டை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. பல்வலி அவரை அங்கே அழைத்து வந்ததை இறைவனின் கருணை என்றே நாம் கருதினோம்.

அன்றைய சிகிச்சைக்குக் கட்டணம் ஏதும் இல்லை. இழந்தது ஒரு நாள் கூலி. மறுமுறை வர இன்னொரு நாள் கூலி. ஏழை மருத்துவமனையைத் தள்ளிப்போடுவதற்கு இதுவே மெய்யான காரணம். ஆகவே அன்பர்களே, சில செய்திகளை மனத்தில் கொள்வோம். வலி தோன்றுமுன் ஆண்டுக்கொரு முறையேனும் பல்லைக் காட்டுவோம். வெளிநோயாளிகளைக் காலையிலேயே பார்ப்பதால் விடியலிலேயே புறப்படுவோம். உறை, பொய்ப்பல் முதலியவற்றிற்குக் கட்டணம் உண்டா என முன்னரே கேட்போம். வேலப்பன்சாவடி, மதுரவாயல், போரூர் ஆகிய இடங்களிலுள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில், ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்யும் சிகிச்சைக்குத் தனியார் கிளினிக்கை விடக் குறைவாகவே செலவாகும். ஆனால் பலமுறை செல்ல நேரும். பதிவு பெறாதவர்களிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டா. வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் கடினமானாலோ, ஒரு மணி நேரமும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்கு விரைவோம்.

249ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் பற்கள் நொறுக்கப்பட்டு வேதசாட்சியான புனித அப்பொல்லோனியாவைப் பல்வலியுற்றோரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றுகிறது. பிப்ரவரி 9 அவர் திருநாள். அந்நாளையொட்டி ஒவ்வொரு பங்கிலும் வலியோடு வாளாயிருப்போரைக் கண்டறிந்து, இருவர் துணையாக அழைத்துச் சென்றால் எவ்வளவு நன்மை விளையும்! ஆலய வாயிலில் கிடந்த கால் ஊனமுற்றவருக்கு இராயப்பர் நாணயம் தரவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

மாலையில் திரும்புகையில், வாயில் பஞ்சை வைத்திருந்த நம் நண்பரால் பேச இயலவில்லை. பேருந்து இராயபுரத்தைக் கடந்தபோது, தலைத்துண்டை எடுத்துவிட்டு, அவரும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.