ஆட்டமும் ஆளும்

2000ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆம் நாள் உரோம் நகரிலே ஒரு விந்தை நிகழ்ந்தது. நூற்றாண்டின் தலைசிறந்த உதைபந்தாட்ட வீரர் யாவர் என்று சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இணையத்தின் வாயிலாக உலக மக்களைக் கேட்டிருந்தது. வாக்களித்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் மரடோனாவின் பெயரையே கூறினர். சம்மேளனமோ அவ்விடையைத் தனித்து நிற்க விடவில்லை. வேறொரு தெரிவின் வழியாகப் பெலேயையும் அதே மேடைக்கு அழைத்து, ஒரு பட்டத்தை இரு பட்டங்களாக்கிற்று. மரடோனா தமது விருதைப் பெற்றுக்கொண்டு, பெலே மேடையேறு முன்னரே அரங்கை விட்டு வெளியேறினார்.

இணையத்தில் வாக்களித்தோர் பெரும்பாலும் இளையோர், அவர்கள் பெலேயின் ஆட்டத்தைக் கண்டிலர் என்பது சம்மேளனத்துக்குச் சார்பான நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அடக்கமும் புன்னகையும் உடைய ஒருவரை, வாய்த்துடுக்கும் போதைப் பழக்கமும் உடைய ஒருவருக்கு அருகே நிறுத்திவிட வேண்டும் என்ற தவிப்பும் அதற்குள் ஒளிந்திருந்தது என்றே பலர் எண்ணினர். நானும் அவ்வாறே எண்ணுகிறேன்.

மரடோனாவின் குற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டுதல் தகாது. 1986ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் கையால் தட்டிப் பெற்ற கோல் ஆட்டத்துக்குள் நிகழ்ந்த குற்றம். 1994இல் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்துக்காக அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டதும் அத்தகையதே. இவற்றை அவருடைய கணக்கிற் கழிக்கலாம், கழிக்கவும் வேண்டும். கையால் கோல் பெற்ற சில நிமிடங்களிலேயே பாதி மைதானத்தைத் தனியே கடந்து பெற்ற இரண்டாவது கோலை அதே கணக்கிற் கூட்டவும் வேண்டும். ஆனால் அவர் யாரை ஏசினார், எந்த அரசியற் தலைவரோடு தோழமை பூண்டார் என்பன எந்தக் கணக்கைச் சேர்ந்தவை?

அமெரிக்கர் இவ்வினாவுக்கு இரு விடைகளை எழுதிவைத்துள்ளனர். அவர்களுடைய உதைபந்தாட்டம் பெரும்பாலும் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பெயரை மாத்திரம் நாம் மன்னித்துக்கொள்ள வேண்டும். அதன் புகழ் மண்டபத்துக்குரிய விதி, களத்தில் ஆற்றியதை மட்டுமே கருதுக என்கிறது. பேஸ்போல் ஆட்டத்தின் புகழ் மண்டபமோ நேர்மையையும் குணத்தையும் கூட நோக்குக என்கிறது. முதல் விதி எழுத்திலே தெளிவாயினும் நடைமுறையிற் சறுக்கியது. ரெரல் ஓவன்ஸ் என்பார், பந்தை ஏந்திப் பெற்ற தூரத்தில் ஓய்வுபெறும்போது வரலாற்றிலேயே இரண்டாமிடத்தில் இருந்தவர். எனினும் 2016இலும் 2017இலும் அவர் தெரிவாகவில்லை. அணிக்குள் பிளவை உண்டாக்குபவர் என்பதே அவர்மேற் சுமத்தப்பட்ட பழி. 2018இல் அழைப்பு வந்தபோது அவர் விழாவுக்குச் செல்லாது, தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலே தமக்குத் தாமே விழா எடுத்துக்கொண்டார். தெரிவாளர் அஞ்சிய குணத்தை அவரே மெய்ப்பித்தார் என்று சிலர் நகைத்தனர். எனக்கோ அச்செயல் பிடித்திருந்தது.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. குணத்தை நிறுக்கும் தராசு ஒன்றை நான் கந்தப்பளையிலே கண்டு வளர்ந்தவன். என் தாயார் கொழுந்து பறிப்பவர். பறித்த கொழுந்தை மலையிலேயே நிறுத்துக் குறிப்பர். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோ கழிப்பதும் வழக்கம். குறித்த நிறையை எட்டாதவருக்கு அரைநாட் சம்பளம். எங்கள் வழக்கில் அதற்கு அரைப்பேர் என்று பெயர். எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவரின் விருப்பத்தில் இருந்த காலத்தில், எதிர்த்துக் கேள்வி கேட்கும் பெண்களின் கொழுந்து மாத்திரம் எப்போதும் கூடுதலாக நனைந்திருந்தது! என் தாயார் கேள்வி கேட்பவர். பனி எல்லா மலைக்கும் ஒன்றுபோலத்தான் பெய்தது. அவருடைய கூடையில் அது இரு மடங்காகப் பெய்ததென்று செக்ரோல் சொல்லிற்று. எந்தத் தோட்டம், எந்தக் கணக்கப்பிள்ளை என்பன ஈண்டு வேண்டா. ‘நல்ல குணமுள்ள ஆள்’ என்ற சொற்றொடரை மேலிருப்பவர் கீழிருப்பவரைப் பற்றிக் கூறும்போது, பெரும்பாலும் அதன் பொருள் ‘வாய் திறவாத ஆள்’ என்பதேயாகும்.

எனவே குணத்தையும் சேர்த்து நிறுப்போம் என எவரேனும் கூறின், தராசு யார் கையில் இருக்கிறது என்றுதான் நான் முதலிற் கேட்பேன்.

இனி நம்மவர் ஒருவரிடம் வருவோம். முத்தையா முரளிதரன் 2016ஆம் ஆண்டு சர்வதேச கிரிக்கெட் பேரவையின் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார். இலங்கையரில் அவரே முதல்வர். மலையகத்தில் அவரை ‘எங்கள் ஆள்’ என்போம். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரின் பேரன் ஆதலால் அவ்வுரிமை பொய்யன்று. ஆயின் அவர் வளர்ந்தது லயத்திலன்று. தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். இந்த ‘எங்கள் ஆள்’ என்ற பாசத்தையும் தராசில் வைத்தல் ஆகாது என்பதற்காகவே இதனைக் கூறுகின்றேன். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் அவர் ஆற்றிய நிவாரணப் பணி போற்றத்தக்கது. அதுவும் ஒரு விக்கெட்டைத்தானும் கூட்டாது.

அவருக்கு எதிராக எழுந்த வினாக்களுள் ஒன்று ஆட்டத்தைச் சார்ந்தது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் எனக் கூறி ஏழு முறை நோ போல் என அறிவித்தார். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கண்ட முறையும் நியாயமானது. பிறவியிலேயே முழுமையாக நிமிராத அம்முழங்கையை ஆய்வுகூடத்தில் அளந்தனர். பின்னர் 2005ஆம் ஆண்டளவில் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பொதுவாக 15 பாகை என்ற எல்லை நடைமுறைக்கு வந்தது. நடுவர் ஒருவரின் கண்ணிலிருந்து பொது அளவுகோலுக்கு வழக்கு மாறியது. எங்கள் மலைகளில் அத்தகைய மாற்றம் வர எவ்வளவு காலம் பிடித்தது என்பதை அறிந்தவர் அதன் அருமையையும் அறிவர்.

மற்றைய வினா அவருடைய வாயைச் சார்ந்தது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டைத் தம் வாழ்வின் மகிழ்ச்சியான காலமாக அவர் குறிப்பிட்டமை தமிழருட் பலரைச் சுட்டது. 2020 ஒக்டோபரில் ‘800’ என்ற திரைப்படத்தில் அவராக நடிக்கவிருந்த விஜய் சேதுபதிக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அப்பாவிகளின் சாவைத் தாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை எனவும் தம் சொல் திரிக்கப்பட்டது எனவும் முரளிதரன் விளக்கமளித்தார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அவர் குடும்பமே பாதிக்கப்பட்டது என்பதும் உண்மை. ஈற்றில் அவரே கேட்டுக்கொள்ள, நடிகர் விலகினார். வேறொருவர் நடித்து 2023இல் படம் வெளிவந்தது.

விடுதியில் என் பக்கத்து அறை நண்பன் முல்லைத்தீவைச் சேர்ந்தவன். அவன் தந்தையார் 2009ஆம் ஆண்டிலிருந்து திரும்பி வரவில்லை. “அந்த ஆண்டை மகிழ்ச்சியான ஆண்டு என்றவருக்கு நான் கைதட்ட வேண்டுமா, மச்சான்?” என்று அவன் ஓரிரவு கேட்டான். வேண்டியதில்லை என்றேன். முரளிதரனுடைய அச்சொல் எனக்கும் ஒப்பானதன்று. விளக்கத்தைப் படித்த பின்பும் அது உறுத்துகிறது. ஆனால் புகழ் மண்டபம் கோயிலன்று. உள்ளே இருப்பவரை வணங்கியே தீர வேண்டும் என்ற விதி எவருக்கும் இல்லை. இன்ன பந்தை இன்னவர் இவ்வாறு வீசினார் என்று எழுதிவைத்த ஏடு அது. அவ்வேட்டிலிருந்து ஒரு பெயரை அவர் பேசிய சொல்லுக்காக நாம் அழிப்போமாயின், நாளை நம் பக்கத்துச் சொல்லுக்காக நம் பெயரை அழிக்க வருபவருக்கு எதனைக் கூறுவோம்? இந்நாட்டில் அழிரப்பரைக் கையில் வைத்திருந்தவர் பெரும்பாலும் நாமல்லர். 1948இல் குடியுரிமைப் பதிவிலிருந்தே பெயர் விடுபட்ட மக்களின் பேரன் நான்.

திரைப்படம் வேறு வகை. அது விக்கெட்டுகளின் பட்டியலன்று, ஒரு வாழ்வின் கதை. அவ்வாழ்வை நேசிக்குமாறு நம்மைக் கேட்கும் கலை. அங்கே ஆளின் சொல்லும் மௌனமும் கதையின் பொருளாகிவிடுகின்றன. ஆதலின் அப்படத்துக்கு முகம் சுளித்தவரை, ஆட்டத்தை மட்டும் பார் என்று கூறி நான் அடக்க முற்படேன். அவர்கள் கேட்டது அந்தக் கதைக்குரிய கேள்வியைத்தான்.

நண்பனோடு இதனைப் பலமுறை பேசியாயிற்று. அவன் முழுதாக ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆயினும் விடுதியிற் கிரிக்கெட் பேச்சு எழுந்து, காலியில் 2010 ஜூலை 22ஆம் நாள் வீழ்ந்த அந்த எண்ணூறாவது விக்கெட் யாருடையது என எவரேனும் கேட்டால், ஓஜா என்றும், பிடியெடுத்தவர் மஹேல என்றும் முந்திக்கொண்டு விடை கூறுபவன் அவன்தான். படத்தை மாத்திரம் அவன் இன்னும் பார்க்கவில்லை.